டேர்னன் படகுப் பாட்டு

கோபன்ஹேகன்,
12 பிப்ரவரி 1984

என் அன்புத் தோருன்,

நலம்தானே? குட்டி பைந்தா எப்படி இருக்கிறாள்? முன்பல் விழுந்துவிட்டதென்று எழுதியிருந்தாயே, புதுப்பல் முளைத்ததா? நீ அனுப்பிய காய்ந்த ஆட்டுக்கறி பத்திரமாக வந்து சேர்ந்தது. பக்கத்து அறை டேனிஷ்காரி மோந்து பார்த்துவிட்டு ஜன்னலைத் திறந்தாள். நான் மூடினேன். அவள் திறக்க, நான் மூட, கறி தீரும்வரை இதே சண்டை.

ஒரு நல்ல சேதி. உட்கார்ந்து படி. என் இசைத்தட்டு அடுத்த வாரம் வெளிவருகிறது! எட்டு வருஷம், தோருன். காலையில் ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்துவிட்டு, சாயங்காலம் பீர்க்கடை மூலையில் கிதாரோடு நின்ற எட்டு வருஷம். "அந்தத் தீவு பாஷையை விட்டுத் தொலை, இங்கிலீஷ்ல பாடு" என்று சொல்லாத ஆள் கிடையாது. கடைசியில் பத்துப் பாட்டும் நம் பாஷையிலேயே வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. வானொலியில் கேட்டு நீ தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுகிறேன். ஏழாவது பாட்டு டேர்னன் படகைப் பற்றியது. உன் ஹானுஸும் என் தம்பி ரோயும் அந்தப் படகோடு கடலில் போய் ஒன்றேகால் வருஷமாகிறது. ரோயின் அடக்கத்துக்கு வந்தபோது நான் அழவில்லை, நீ பார்த்தாய். அந்த நாலு நாளும் அம்மா சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கல் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கே திரும்பி வந்து ஆறு மாதம் கழித்து, ஒரே மூச்சில் இந்தப் பாட்டு வந்து விழுந்தது. அன்றைக்குத்தான் அழுதேன். யார் பெயரும் அதில் இல்லை. கம்பெனிக்காரர்கள் இதைத்தான் முதலில் வானொலிக்குக் கொடுக்கப் போகிறார்களாம்.

கேட்டுவிட்டு எழுது. கோபம் வந்தாலும் எழுது.

அம்மாவுக்கு நீ தினமும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறாய் என்று தெரியும். நான் செய்ய வேண்டியதை நீ செய்கிறாய்.

என்றும் உன்
ரன்வா


ஹாம்ராவிக்,
2 மார்ச் 1984

அன்புள்ள ரன்வாவுக்கு,

உன் கடிதமும் உன் பாட்டும் ஒரே வாரத்தில் வந்தன. பாட்டு முந்திக்கொண்டது.

மீன் ஆலையில் மேசை முன்னால் நின்றிருந்தோம். பத்து மணிக்கு உன் பெயரைச் சொன்னதும் சன்னா, "ஏய், நம்ம ரன்வாடி!" என்று ஓடிப்போய் வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள். உன் குரலைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பொய் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவளிடம், "பாத்தியா, எங்கூடப் படிச்சவ" என்று சொல்லக்கூடச் செய்தேன். பிறகு அந்த இடம் வந்தது.

*வானம் சொன்னது போகாதே என்று,*
*படகுக்காரன் சொன்னான் போவேன் என்று.*
*வேண்டாம் என்றவன் கையைப் பிடித்து*
*வெள்ளலைக்குள் இழுத்துப் போனானே.*

கத்திகள் எல்லாம் நின்றுவிட்டன, ரன்வா. இருபது பெண்களில் ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை. நான் கையிலிருந்த மீனை வெட்டி முடித்தேன். அடுத்ததை எடுத்தேன். சன்னா மட்டும், "பாட்டுதானேடி, விடு" என்றாள்.

பெயர் இல்லை என்கிறாய். அந்த நவம்பரில் இந்தத் தீவுகளில் எத்தனை படகு மூழ்கியது? அந்தப் படகில் எத்தனை பேர் இருந்தார்கள்? இரண்டே பேர். ஒருவர் படகுக்காரர்.

கோபம் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த நாலு வரியை மாற்ற முடியுமா? பாட்டு கெடாமல் மாற்ற உனக்குத் தெரியாதா? கடல் கொண்டுபோனது என்று மட்டும் இருக்கட்டுமே.

உன் அம்மா சுகம். முட்டிவலிதான். பைந்தாவுக்குப் பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணலாக.

அன்புடன்
தோருன்


கோபன்ஹேகன்,
20 மார்ச் 1984

என் தோருன்,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. முடியாதடி. தட்டு அச்சாகிவிட்டது. மூவாயிரம் பிரதி போய்விட்டது, இன்னும் கேட்கிறார்கள். ஜூனில் நார்வேயில் ஒன்பது ஊர். ஐஸ்லாந்திலிருந்தும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எல்லாரும் கேட்பது அந்த ஒரு பாட்டைத்தான். போன சனிக்கிழமை ஒரு கூடத்தில் பாடினேன். வார்த்தை புரியாத டேனிஷ்காரர்கள் இருநூறு பேர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். எட்டு வருஷமாக நான் பாடும்போது கிளாஸ் சத்தமும் சிரிப்பும்தான் எனக்குக் கிடைத்தது. இந்த அமைதி என்னவென்று உனக்கு எப்படிச் சொல்வேன்? இதுவும் போய்விட்டால் மறுபடி துடைப்பக்கட்டைதான். எனக்கு முப்பத்திரண்டு வயது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, தம்பியும் இல்லை. இந்தப் பாட்டு ஒன்றுதான் இருக்கிறது.

ஹானுஸை நான் குற்றம் சொல்லவில்லை. துக்கத்தைச் சொன்னேன். கேட்பவர்களுக்கு அந்தப் படகுக்காரன் யாரோ ஒருவன்தான். ஊர்க்காரர்கள் நாலு நாள் முணுமுணுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். நீயும் கொஞ்சம் பொறுத்துக்கொள். எனக்காக.

முத்தங்களுடன்
ரன்வா


ஹாம்ராவிக்,
18 ஜூன் 1984

ரன்வா,

மூன்று மாதமாக எழுதவில்லை. எழுதினால் என்ன எழுதுவேனோ என்று பயமாக இருந்தது. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சனிக்கிழமை ஊர்த் திருவிழா. சாயங்காலம் கூடத்தில் வட்ட ஆட்டம். பைந்தா அடம்பிடித்தாள் என்று போனேன். என் இடது கையைத் தபால்காரர் தான்யால் பிடித்திருந்தார், வலது கையை வாத்தியார். பழைய கதைப்பாட்டு இரண்டு முடிந்தது. மூன்றாவதாக யாரோ உன் பாட்டை எடுத்தார்கள். யோசிக்காமல்தான் எடுத்திருப்பார்கள். நாலைந்து பேர் என்னைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் சுற்ற ஆரம்பித்த வட்டம் நிற்குமா? எண்பது பேர். இரண்டு பக்கமும் கையைக் கோத்திருக்கிறார்கள், உருவ முடியவில்லை. 'இழுத்துப் போனானே' என்ற இடத்தில் பலகைத் தரை அதிர மிதித்தார்கள்.

என் காலும் மிதித்தது, ரன்வா. தாளத்துக்குப் பழகிய கால். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இங்கே பிறந்தவள் நீ. நம் ஊரில் ஒரு பாட்டு வட்டத்துக்குள் வந்துவிட்டால் அது நூறு வருஷம் போகாது. உனக்கு அதைவிடப் பெருமை வேறு இல்லை என்றும் எனக்குத் தெரியும். என் பேரன் பேத்திகளும் அந்த வரிக்கு மிதிப்பார்கள்.

கோயிலில் எங்கள் பெஞ்சில் இப்போது நானும் பைந்தாவும் மட்டும்தான். யாரும் சண்டைக்கு வருவதில்லை. வணக்கம் சொல்வார்கள், வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அப்பாவைப் பற்றிய பாட்டு என்று தெரியாமல் பைந்தா பள்ளிக்கூடத்தில் அதைப் பாடியிருக்கிறாள். கூடப் படிக்கிற ஒரு பெண் அது யாரைப் பற்றி என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அம்மா, அப்பாதான் ரோய் மாமாவைக் கொன்னாரா?"

"இல்லடி, தங்கம்."

"அப்ப ஏன் எல்லாரும் அப்பிடிப் பாடுறாங்க?"

அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்? நீயே எழுது.

ஆகஸ்டில் ஊர்க் கூடத்தில் நீ பாட வருகிறாயாம், சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். காலில் விழுந்து கேட்கிறேன். இங்கே மட்டுமாவது அதைப் பாடாதே.

தோருன்


பெர்கன்,
30 ஜூன் 1984

தோருன்,

ஓட்டல் காகிதத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். உன் கடிதம் கோபன்ஹேகன் போய் இங்கே வந்து சேர்ந்தது. படித்துவிட்டு மேடைக்குப் போனேன். அந்தப் பாட்டில் குரல் இரண்டு முறை உடைந்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் குனிந்து வணங்காமலே இறங்கிவிட்டேன்.

ஆனால் நானும் ஒன்று கேட்கிறேன், பதில் சொல். நான் பொய்யா எழுதினேன்? காற்று வருகிறதென்று வானொலியில் சொன்னார்கள். ரோய் வேண்டாம் என்றான். ஹானுஸ் அவனைக் கூட்டிக்கொண்டு போனார். இதை அம்மா என்னிடம் நூறு தடவை சொன்னாள். அம்மாவுக்குச் சொன்னதே நீதானாம். உன் வாயால் வந்ததைத்தானே பாட்டாக்கினேன்? என் தம்பிக்கு வயது இருபத்திரண்டு. அவனுக்காக ஒரு பாட்டுப் பாட எனக்கு உரிமை இல்லையா? உன் புருஷன் பெயர் கெடுகிறதென்று நான் அவனை இன்னொரு தடவை புதைக்க வேண்டுமா?

பொய் என்றால், உண்மை எது? சொல்.

ரன்வா


ஹாம்ராவிக்,
9 ஜூலை 1984

ரன்வா,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன்.

அன்றைக்குக் காலையில் வானிலை அறிக்கை கேட்டதும் அவர் பூட்ஸைக் கழற்றி அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். ரோய் மழைக்கோட்டோடு உள்ளே வந்தான்.

"என்னண்ணே, இன்னும் கிளம்பலையா?"

"இன்னைக்கு வேணாம்டா. வடமேற்குக் காத்து. பத்து மணிக்கு மேல கடலு பொங்கும்."

"தூண்டிக்கயிறு ரெண்டு நாளா அங்கயே கிடக்கு. இன்னைக்கு எடுக்கலன்னா பாறையில மாட்டி அறுந்துரும். அந்த இடத்துல போடலாம்னு சொன்னவன் நான்தான். துறையில என்னை வச்சுச் சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். உக்காரு, காப்பி குடி."

அவன் உட்காரவில்லை. "நீங்க வராட்டிப் போங்க. எங்கப்பாவோட துடுப்புப் படகு இருக்கு. நான் தனியாப் போறேன்" என்றான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். "அண்ணி, பயப்படாதீங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்றுதான் நினைத்தோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால், சரிவில் துடுப்புப் படகைத் தள்ளிக்கொண்டு இறங்குகிறான். ஹானுஸ் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் பூட்ஸை மாட்டினார். நான் கையைப் பிடித்தேன். "தனியா விட முடியுமா, தோருன்?" என்றார். அவ்வளவுதான் அவர் என்னிடம் பேசியது. கொஞ்ச நேரத்தில் துடுப்புப் படகு சரிவிலேயே கிடந்தது, டேர்னனில் இரண்டு பேரும் போய்க்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் ரோய் கரை ஒதுங்கினான். உன் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அவன்தானே கூட்டிட்டுப் போனான்? எம்புள்ள வேணாம்னுதானே சொல்லியிருப்பான்? சின்னதுலேர்ந்தே காத்துக்குப் பயந்தவனாச்சே. சொல்லு தோருன், சொல்லு." அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, "உன் மகன்தான் பிடிவாதம் பிடித்தான், அவன் போன பாதையில்தான் என் புருஷனும் போனார்" என்று எந்த வாய் சொல்லும்? நான் தலையாட்டினேன். அவள் கை தளர்ந்தது. அன்றைக்குத்தான் மூன்று நாளில் முதல் தடவை தூங்கினாள்.

ஹானுஸ் திரும்பவே இல்லை, உடம்பாகக்கூட. கடலில் கிடக்கிறவருக்கு ஒரு பழி கூடினால் என்ன, உயிரோடு இருக்கிறவள் தூங்கட்டும் என்று நினைத்தேன். அது நாலு சுவருக்குள் இருக்கும் என்று நினைத்தேன். நீ பாட்டுக் கட்டுவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இது உனக்கு மட்டும். அம்மா காதுக்குப் போகக் கூடாது. நீ எதையும் சரிசெய்ய வேண்டாம். பாடாமல் இரு, போதும்.

தோருன்


தோர்ஸ்ஹவன்,
8 ஆகஸ்ட் 1984

தோருன்,

கடிதம் கிடைத்தது. மூன்று வாரமாக என்னிடம் இருக்கிறது. நான்கு கச்சேரியில் தொண்டை கட்டிவிட்டதென்று பொய் சொல்லிப் பாதியில் இறங்கினேன். ரோய் சிரித்துக்கொண்டே படகைத் தள்ளுவது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

நம் தீவுக்கு வந்து இறங்கிவிட்டேன், ஞாயிறு ஊர்க் கூடத்துக்கு வா. பைந்தாவையும் கூட்டி வா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், வா. எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறேன்.

உன் ரன்வா


ஹாம்ராவிக்,
25 ஆகஸ்ட் 1984

ரன்வா,

நீ பாட மாட்டாய் என்று நம்பித்தான் வந்தேன். பைந்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக் கூட்டி வந்தேன். பாடவில்லைதான். அதற்குப் பதில் நீ செய்ததை, நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்று உனக்குச் சொல்கிறேன்.

முதல் வரிசையில் உன் அம்மா. கறுப்புக் கோட்டு, வெள்ளி ஊசி. மகள் பாடப்போகிறாள் என்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நீ மைக்கைப் பிடித்தாய். "இந்தப் பாட்டுல ஒரு பொய் இருக்கு" என்றாய். "வேணாம்னு சொன்னது ஹானுஸ். போவேன்னு சொன்னது என் தம்பி. அவனைத் தனியா விட மனசில்லாமத்தான் அவர் போனாரு. தோருன் எனக்கு எழுதினா." என் பெயரையும் சொன்னாய். பிறகு அழுதாய்.

கைதட்டினார்கள், ரன்வா. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

உன் அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய், பார்த்திருக்க மாட்டாய். நான் பின்னால் ஓடினேன். வீட்டுப் படியில் பிடித்துவிட்டேன். "பெரியம்மா" என்றேன். திரும்பினாள்.

"என் கண்ணைப் பாத்துத்தானே தலையாட்டின?"

"உங்களுக்காகத்தான் பெரியம்மா."

"ரெண்டு வருஷமா உங்கையால வாங்கித் தின்னேன். தினமும் உம்புருஷனை மனசுக்குள்ள சபிச்சுக்கிட்டே தின்னேன். அதையும் பாத்துக்கிட்டு இருந்தியா?" என்றாள். "போ. இனிமே இந்தப் படி ஏறாத."

கதவைச் சாத்திக்கொண்டாள். நீயும் இரண்டு நாள் தட்டிப் பார்த்துவிட்டுக் கப்பலேறிவிட்டாய். நான் இங்கேதான் இருக்கிறேன். மறுநாளும் சட்டியோடு போனேன். திறக்கவில்லை.

இப்போது ஊரே என் வீட்டுக்கு வருகிறது. ஒருத்தி ஆட்டுத்தொடை, ஒருத்தி ருபார்ப் ஜாம். "தெரியாமப் போச்சு தோருன்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். கோயிலில் எங்கள் பெஞ்சு நிறைந்துவிட்டது. எனக்கு அங்கே மூச்சு முட்டுகிறது. ரோயைப் பற்றி இப்போது பேசுகிறார்கள், உன் அம்மாவின் ஜன்னல் எதிரிலேயே நின்று. இருபத்திரண்டு வயதுப் பையனைப் பற்றி.

உன்னிடம் மட்டும் என்று எழுதினேன். நீ அதையும் மேடைக்குக் கொண்டுபோனாய். கெட்டவள் இல்லை நீ. எது கிடைத்தாலும் அதை உன்னிடமே வைத்துக்கொள்ளத் தெரியவில்லை உனக்கு. துக்கத்தையும் பாடினாய், மன்னிப்பையும் பாடினாய்.

நானும் பைந்தாவும் தென்தீவில் என் அக்காவிடம் போகிறோம். முகவரி எழுதவில்லை. தேடாதே.

தோருன்


ஹாம்ராவிக்,
3 பிப்ரவரி 1985

அன்புள்ள தோருன்,

இது நான்காவது கடிதம். முந்தைய மூன்றும் உனக்குக் கிடைத்ததா, தெரியாது. தபால்காரர் தான்யாலிடம் கொடுத்தேன். "அனுப்பிடறேன். படிப்பாளான்னு மட்டும் என்கிட்ட கேக்காத" என்றார்.

செப்டம்பர் கடைசியில் ஊருக்கே வந்துவிட்டேன். ஐஸ்லாந்துக்கு வர மாட்டேன் என்று எழுதினேன். இரண்டாவது தட்டு வேண்டாம் என்று கம்பெனிக்கும் எழுதினேன். முதல் தட்டை நிறுத்துங்கள் என்று நேரில் போய்க் கேட்டேன். அந்த ஆள் நல்லவன்தான். "அம்மா, நார்வேக்காரங்க அதை அவங்க பாஷையில பாட ஆரம்பிச்சுட்டாங்க. எங்க போய் நிறுத்துறது?" என்றான். வார்த்தை மாறிவிட்டதாம், அதில் படகுக்காரனுக்கு வேறு பெயர்கூட இருக்கிறதாம். இங்கேயும் புத்தாண்டு வட்டத்தில் பாடினார்கள். பழைய வரியைத்தான். நான் உண்மை சொன்ன அதே கூடத்தில். அதுதான் மிதிக்கத் தோதாக இருக்கிறதாம். நான் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

மீன் ஆலையில் வேலை கொடுத்தார்கள். சன்னாவுக்குப் பக்கத்தில், நீ நின்ற இடம். கையெல்லாம் வெட்டு. என் பாட்டு வந்தால் யாராவது எழுந்துபோய் வானொலியை அணைக்கிறார்கள். என்மேல் இரக்கத்தில் செய்கிறார்கள். உனக்கு அதைக்கூட யாரும் செய்யவில்லை.

நான் ஊருக்கு வந்த இரண்டாம் நாள் அம்மா கதவைத் திறந்தாள். திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்போதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. உருளைக்கிழங்கும் மீனும் வேகவைத்து என் தட்டில் வைப்பாள். நான் சாப்பிடுவதைப் பார்க்க மாட்டாள். கிறிஸ்துமஸ் அன்றைக்கும் அப்படித்தான். ஒரே சமையலறையில் நான்கு மாதம், தோருன். சில நாள் கத்தவேண்டும் போல இருக்கும். கத்தினால் அதுவும் எனக்காகத்தான் இருக்கும் என்று வாயை மூடிக்கொள்வேன். மூடிக்கொள்ள இப்போதுதான் பழகுகிறேன்.

உன்னை மன்னிக்கச் சொல்லி இனிமேல் எழுத மாட்டேன். அது உன்னிடம் ஒன்றைக் கேட்பதாகிவிடுகிறது. பைந்தாவுக்கு இந்த மாதம் எட்டு வயது. அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். அளவு தெரியாததால் பெட்டியில் இருக்கிறது.

இன்றைக்கு ஆலையிலிருந்து வந்தேன். கை நிறையக் கரி வாளி. காலால் கதவைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தேன். அம்மா அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை.

"கதவைச் சாத்து. காத்து வருது" என்றாள்.

சாத்தினேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். காகிதத்தில் கறுப்பாக இருப்பது அதுதான். இதைச் சொல்ல எனக்கு வேறு யாரும் இல்லை.

ரன்வா